தேங்காய் விழுந்த பள்ளம்

வண்டியை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதன் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள் என்று பொள்ளாச்சியில் ஒரு தெருவே இன்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருக்கும் நார் மில் முதலாளி தெய்வசிகாமணியின் வண்டி, தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு என்ன செய்தது என்பதை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். பார்த்ததோடு நில்லாமல், கடைசியில் அதற்குக் கைகொடுத்தவர்களும் அவர்களே. ஆகையால் அவர்கள் சொல்லும் எச்சரிக்கையில் குற்ற உணர்வும் கொஞ்சம் கலந்திருக்கும். அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

அது நான்கு கதவு வைத்த வண்டிதான் என்றாலும் குடும்ப வண்டிகளுக்குரிய சாதுத்தனம் அதனிடம் இருந்ததில்லை. பழுத்த மிளகாயின் நிறத்தில், தரையோடு தரையாகத் தாழ்ந்து, பாயப் போகும் விலங்கைப் போல முன்னங்காலில் எடை வைத்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் செடான் அது. ஆழியாறு தாண்டி மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரில் அது எழுப்பும் உறுமலைக் கேட்டு, பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்ததுண்டு. மகள் மதுவந்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தெய்வசிகாமணி அதை வாங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நேர்ந்த நல்லதும் கெட்டதும் ஏதோ ஒரு வகையில் அதன் உடம்பில் பதிந்துகொண்டே வந்தன. முன் பம்பரின் இடப்பக்கத்து நெளிசல், மகள் முதல்முதலாக ஓட்டிப் பழகிய நாளில் வீட்டு கேட்டின் தூணில் இடித்தது. பின்சீட்டின் துணியில் கழுவிக் கழுவியும் போகாத பழுப்புக் கறை, மில்லில் தேங்காய் மட்டை அடிக்கும் மிஷினில் கை சிக்கிக்கொண்ட தொழிலாளி மாராத்தாளை அள்ளிப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்த நாளில் படிந்தது. மேற்கூரையில், முன்னிருக்கையில் உட்காருகிறவர் தலைக்கு நேர் மேலே, ஒரு கை குவித்து வைத்தால் அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அது தேங்காய் விழுந்த பள்ளம்.

அந்தப் பள்ளத்தின் கதையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் இழக்கப்படப் போவது அதுதான்.

வண்டி புதிதாக இருந்த நாளில் தெய்வசிகாமணிக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அவருடைய மாமனார் ஆனைமலைத் தோப்பு வீட்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மனைவி கோகிலவாணி திரும்பத் திரும்பப் போனில் கூப்பிட்டும் கிடைக்காமல், அவர் கூட்டாளிகளோடு வால்பாறை வளைவுகளில் வண்டியை விரட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "மலையில டவர் இல்ல, நான் என்ன பண்ண முடியும்" என்று துக்க வீட்டின் வாசலிலேயே சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட கோகிலவாணி காரியம் முடிந்தும் கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அழைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். மாமரம் பூத்துக் காய்த்து ஓய்ந்து, மறு மழை பிடித்த ஒரு மாலையில் தெய்வசிகாமணி தானே தோப்புக்குப் போனார். மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்தார்கள், அவர் ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, அவள் மறு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. அப்போது தலைக்கு மேலே வானமே இடிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. நெற்றுத் தேங்காய் ஒன்று காற்றில் கழன்று கூரைமேல் விழுந்திருந்தது. தூசி படிந்தாலே பதறித் துடைக்கிற அந்த மனிதரின் கை, வண்டியின் பக்கம் போகவில்லை. பாய்ந்து மனைவியின் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டது.

"அடி பட்டுச்சா அம்மிணி?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கை தலையிலேயே இருந்தது. பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "டவரெல்லாம் இருந்துச்சு. செல்போன நாந்தான் அணைச்சு வெச்சேன். எம்மேலதான் தப்பு." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் அத்தனை மாதங்கள் காத்திருந்தாள். அன்று மாலையே அதே வண்டியில் வீடு திரும்பினாள்.

பள்ளத்தை டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோக அவர் சம்மதித்ததே இல்லை. வண்டியில் ஏறும்போதெல்லாம் கோகிலவாணி, தலைக்கு மேலே உள்ளே புடைத்து நின்ற அந்த மேட்டை விரல் நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டு உட்காருவாள். கோயில் படியைத் தொடுகிற பழக்கத்தைப் போல அது அவளுக்கு ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட வண்டியை ஏன் மாற்ற நினைத்தார் என்று கேட்பீர்கள். நியாயமான காரணங்கள் இருந்தன. நம்மைக் கெடுப்பவை பெரும்பாலும் நியாயமான காரணங்கள்தாம். கோகிலவாணிக்கு முழங்கால் வலி வந்து, அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்கக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊருக்குள் புதிதாக முளைத்த ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டியது. கிளட்ச்சை மிதித்து மிதித்து அவருடைய இடக்கால் சாயங்காலத்தில் மரத்துப்போனது. உதிரி பாகம் ஒன்று வேண்டுமென்றால் மாதக்கணக்கில் தவம் இருக்க வேண்டியிருந்தது. அதே கம்பெனி அதே பெயரில் புது மாடல் ஒன்றை இறக்கியிருந்தது: கியர் தானே மாறும், கூரை கண்ணாடியாகத் திறக்கும், பேசினால் பதில் சொல்லும். நார் மில்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு யாரோ ஒருவர் அதில் வந்து இறங்கியதை அவர் பார்த்துவிட்டார். நியாயமான காரணங்கள் அதற்கு முன்பும் இருந்தன. அவை அவசரமானது அன்றைக்குத்தான்.

கோயம்புத்தூர் ஷோரூமுக்கு அவர் மனைவியை அழைத்துக்கொண்டு பழைய வண்டியிலேயே போனார். புதிய வண்டிக்கு எதிரிலேயே அதை நிறுத்தச் சொன்னார்கள். பிரசன்னா என்ற விற்பனைப் பையன், எக்ஸ்சேஞ்சுக்காகப் பழைய வண்டியைச் சுற்றி நடந்து, அதன் உடம்பிலிருந்த ஒவ்வொரு தடத்தையும் உரக்கச் சொன்னான்.

"முன் பம்பர் நெளிஞ்சிருக்கு சார்."

"ஆமா."

"பின்சீட் துணியில கறை."

"ஆமா."

"கதவுல கீறல். ஸ்டியரிங் லெதர் தேஞ்சிருக்கு. அப்புறம் இந்த டாப்புல என்ன சார் இவ்ளோ பெரிய சொட்டை?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது முழுவதும் நாக்கின் நுனிக்கு வந்தது. ஆனால் எதிரே நின்ற பையனுக்கு அவசரம் இருந்தது, புது வண்டியின் வெளிச்சம் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, இதையெல்லாம் ஒரு ஷோரூமில் சொல்வது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"தேங்கா உழுந்துச்சு" என்றார்.

"அவ்வளவுதானுங்களா சார்?"

"அவ்வளவுதான்."

புது வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கோகிலவாணி அதைக் கேட்டாள். வண்டியும் கேட்டது.

நம் வாழ்வின் தடங்களை வேறொருவர் குறைகளென்று வாசிக்கும்போது ஆமா ஆமா என்று தலையாட்டாதீர்கள். வாங்குகிறவனுக்கு அது குறை. அவன் தொழில் அது. ஆமோதிக்கும் தலை நம்முடையது.

முன்பணம் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் முன் பம்பரின் நெளிசல் இல்லை. கேட்டின் தூணில் அந்நாளில் பெயர்ந்திருந்த இடமும் பூசியது போல மூடியிருந்தது. எதிர்ப்புறம் பேக்கரி வைத்திருக்கும் வெள்ளிங்கிரிதான் முதலில் பார்த்தவர். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிங்கரிங் பெஞ்சமினைக் கேட்டார்.

"ஏப்பா, நீ வெடியால வந்து தட்டி எடுத்துட்டுப் போயிட்டியா?"

"நாந் தட்டுனா காசு வாங்காமப் போவனாக்கும்?"

இந்தப் பதில் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஆகவே வண்டி தானாகத்தான் சரியாகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர்கள் டீயைக் குடித்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் கதவின் கீறல் போயிற்று, சக்கரங்களின் தேய்மானம் போயிற்று, ஸ்டியரிங்கின் தோல் மீண்டும் மொறுமொறுப்பானது, மீட்டர் தான் எண்ணியதையெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பக் கொடுக்கத் தொடங்கியது. வண்டியைக் கடந்து போகிறவர்களுக்குப் புது வண்டியின் வாசம் அடித்தது. தெரு இதை ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பக்கம் பந்து விளையாடக் கூடாது என்று பிள்ளைகளை அடுத்த தெருவுக்குத் துரத்தினார்கள். காக்கை எச்சம் விழாமலிருக்க வேப்ப மரத்தின் ஒரு கிளையை வெட்டினார்கள். சிலர் தங்கள் பழைய மொபெட்டையும் மிக்ஸியையும் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் ஒருவரும் மனம் தளரவில்லை.

"எங்கய்யனக் கொண்டாந்து ஒரு நாளைக்குப் பக்கத்துல உக்கார வெக்கட்டுமாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாஞ் சாமி" என்றார் வெள்ளிங்கிரி. "உங்கய்யன் பேசுற பேச்சுக்கு வண்டி பழையபடி கெழடாப் போயிரும்."

கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கேட்டு வந்தார்கள். தெய்வசிகாமணி காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்து, இன்றைக்கு என்ன சரியாகியிருக்கிறது என்று பார்ப்பதில் ஒரு சின்னப் பிள்ளையின் குதூகலத்தை அடைந்தார். ஷோரூமுக்குப் போன் செய்து புது மாடல் வேண்டாமென்று சொல்லிவிட்டார். மாற்றாமலேயே மாற்றிக்கொண்ட புத்திசாலி என்று பேக்கரியில் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் அதை நம்பினார்.

முதலில் விஷயத்தைக் கண்டுகொண்டவள் கோகிலவாணி. ஒசூரில் வேலையிலிருக்கும் மதுவந்தி போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, பம்பர் சரியாயிருச்சாமே. இனி நான் இடிச்சதச் சொல்லிக் காட்ட முடியாது பாருங்க."

"நீ எங்க கண்ணு வண்டி ஓட்டுனே?" என்றார் தெய்வசிகாமணி.

அவர் விளையாடுகிறார் என்று மகள் நினைத்தாள். கோகிலவாணி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் விளையாட்டு இல்லை. மகள் அழுதது, அவர் வண்டியைப் பார்க்காமல் மகளைத் தூக்கி நிறுத்தி, "தூணுதான் குறுக்க வந்துச்சு, நீ எடு கண்ணு" என்று மறுபடி ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தது, எல்லாவற்றையும் அவள் எடுத்துச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார். "அப்படியா, நல்ல அப்பனாத்தான் இருந்திருக்கறேன்" என்றார், வேறு யாரையோ பற்றிக் கேட்டவர் போல. தெரிந்துகொள்வது வேறு, நினைவில் இருப்பது வேறு என்பதை அன்றைக்கு அவள் உணர்ந்தாள். வண்டி புதிதாவதற்கு எங்கிருந்தோ விலை எடுத்துக்கொண்டிருந்தது. புதுசு வேண்டுமென்று கேட்டவர் எவரோ அவரிடமிருந்துதான் எடுத்தது. கேட்காத அவளிடமும் மகளிடமும் எதையும் தொடவில்லை.

பின்சீட்டுக் கறை மறைந்த நாளில் அது இன்னும் தெளிவாயிற்று. மாராத்தாள் அந்த விபத்துக்குப் பிறகு ஒற்றைக் கையோடு மில்லில் நார் உலர்த்தும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கும் வரை உனக்கு இங்கே வேலை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் நின்று வாக்குக் கொடுத்தவர் தெய்வசிகாமணி. அன்று களத்துக்கு வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"ஒத்தக் கையோட இருக்கற பொம்பளைய எதுக்குய்யா வேலைக்கு வெச்சிருக்கறே?"

அவர் கேட்டதில் கொடுமை இல்லை. கணக்கு பார்க்கிற எந்த முதலாளியும் கேட்கக்கூடிய கேள்விதான். அதுவே அதன் பயங்கரம். மாராத்தாள் கை இருந்த இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். செய்தி கேட்டுக் கோகிலவாணி மில்லுக்கு ஓடிவந்து, அவளை நான் வைத்தேன், நீ போகச் சொல்லாதே என்று மேஸ்திரியிடம் சொல்லி நிறுத்தினாள். திரும்பும்போது மாராத்தாள் கேட்டாள்: "அவிங்களுக்கு எம்மேல என்னங்கம்மா கோவம்?"

"கோவமில்ல மாராத்தா. கோவமிருந்தாக்கூடப் பரவால்லீன்னு இருக்குது."

அன்று மாலை அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள். விரல் நுனியில் மேடு தட்டுப்பட்டது. உடம்பெல்லாம் புதிதாகி, மீட்டரில் சுழியம் நெருங்கி, சாவிக்குக் கூடப் புது மினுக்கம் வந்துவிட்ட அந்த வண்டியில், தேங்காய் விழுந்த பள்ளம் மட்டும் அசையாமல் இருந்தது. நாட்கள் போயின, அது அப்படியே இருந்தது. வண்டியாலும் எடுக்க முடியாத ஒன்று உண்டு போலும் என்று அவள் ஆறுதல் கொண்டாள். அல்லது, அதை மட்டும் யாராவது தடுக்கட்டும் என்று வண்டி காத்துக்கொண்டிருந்ததோ என்னவோ.

தடுக்க வேண்டியவர்கள் வேறொன்றைச் செய்தார்கள். வண்டி புதிதாகிவிட்டது, ஆனால் பூசை போடவில்லை என்பது ஒரு நாள் காலையில் தெருவுக்கு உறைத்தது. புது வண்டியென்றால் கோயில் வாசலில் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்னால் தேங்காய் உடைத்த பிறகுதான் சாலையில் இறக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு புது வண்டி தெருவில் நின்றுகொண்டிருப்பது அத்தனை பேருக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது. முனைப் பிள்ளையார் கோயில் பூசாரி மட்டும் தயங்கினார்.

"இந்த வண்டிக்கு நானே பூசை போட்டிருக்கறனுங்களே. மறுக்கா எப்படிப் போடறது? கல்யாணமானவளுக்கு மறுக்கா தாலி கட்டச் சொல்றாப்புல இருக்குது."

"அறுவதாங் கல்யாணத்துல கட்டறதில்லீங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

பேக்கரி முழுவதும் சிரித்தது, பூசாரியும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட மனிதரால் அதற்குப் பிறகு மறுக்க முடிவதில்லை. வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

கோகிலவாணி அதற்கு முந்தின நாள் கணவனிடம் பேசிப் பார்த்தாள். அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூசை வேண்டாங்க."

"ஏன் அம்மிணி? ஊரே சொல்லுது."

"இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?"

அவர் துணியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தில் அந்த மழை நாளின் சிரிப்பு முழுசாக வந்தது. "அத மறப்பனா நானு? எந்திரிச்சு நின்னு கும்புட வேண்டிய தேங்காயாச்சே அது."

அந்தப் பதிலில் அவள் மயங்கிவிட்டாள். இப்படிச் சொல்கிற மனிதரிடமிருந்து அதை யார் பறித்துவிட முடியும் என்று தோன்றிற்று. பம்பரின் நெளிசல் போகிற வரை அவர் மகளின் அழுகையையும் இப்படித்தான் நினைவில் வைத்திருந்தார் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த நாள், இத்தனை பேர் பார்க்க, மாலையோடு நின்ற வண்டிக்கு முன்னால் போய், நிறுத்துங்கள் என்று சொல்ல நா எழாமல் அவள் நின்றதற்கும் அந்தச் சிரிப்புத்தான் காரணம். நம்மிடம் இருக்கிற ஒன்று நாளைக்கும் இருக்கும் என்று நம்புவதற்கு அது இன்றைக்கு இருக்கிறது என்பதைத் தவிர வேறு சான்று கிடையாது. பேச வேண்டியதைப் பேச வேண்டிய நாளில் பேசிவிடுங்கள், ஊர் கூடி நின்றாலும் சரி.

பூசாரி கற்பூரம் காட்டினார். மேற்கூரையில் சந்தனம் வைக்க இடம் தேடி, பள்ளத்தின் நடுவிலேயே குழைத்து வைத்துக் குங்குமம் இட்டார். பெஞ்சமின் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். வெள்ளிங்கிரி தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்கி வண்டியின் முன்னால் அடித்தார். அது நன்றாகச் சிதறியது, பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். தெய்வசிகாமணி சாவியைத் திருப்பி வண்டியை முன்னே நகர்த்த, எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கியபோது, கூரையில் பூசாரி வைத்த சந்தனம் சமதளத்தில் வைத்த சந்தனமாக இருந்தது.

"போயிருச்சு பாருங்க" என்று யாரோ மகிழ்ச்சியோடு சொன்னார்கள். தெரு கைதட்டியது.

கோகிலவாணி கதவைத் திறந்து ஏறி, உட்காருவதற்கு முன்பாகக் கையை உயர்த்தினாள். துணி தட்டையாக, இறுக்கமாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை, பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துக்க வீட்டின் வாசலில் அவள் பார்த்த பார்வை.

"நீ எப்ப வந்தே?" என்றார்.

அவள் கை இன்னும் கூரையிலேயே இருந்தது.

"எத்தன பேர விட்டுக் கூப்புட்டேன். அப்ப வராம இப்ப வந்து நிக்கறே. மலையில டவர் இல்ல, நான் என்ன பண்ண முடியும்?"

சண்டை வண்டியில் எந்தத் தடமும் விடவில்லை. ஆகவே அது அவரிடம் பத்திரமாக இருந்தது. சமாதானம் மட்டுமே வண்டியில் பதிந்திருந்தது. தடத்தை எடுத்துக்கொண்ட வண்டி அதனோடு ஒட்டியிருந்த சிரிப்பையும், தலையைப் பொத்திய கையையும், ஒரே ஒரு முறை சொல்லப்பட்ட உண்மையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. பொய்யை அவரிடமே விட்டுவிட்டது. எல்லாத் தடத்தையும் நாம் காயம் என்று நினைக்கிறோம். பல தடங்கள் காயம் ஆறிய இடம் என்பதை அது போன பிறகுதான் அறிகிறோம்.

கண்ணாடிக்கு வெளியே தெரு சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தது. கோகிலவாணி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆனமலைக்கு விடுங்க" என்றாள். "எங்க தோப்புக்கு."

பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். வண்டி முதல் நாள் ஓடியதைப் போல ஓடியது. தோப்பில் அவள் காட்டிய மரத்தடியில் நிறுத்தினார், அவள் இறங்கவில்லை. இறங்கு என்று அவரும் சொல்லவில்லை. பொழுது சாயும் வரை இருந்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் திரும்பி வந்தார்கள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு மாலையும் அந்த வண்டி தோப்புக்குப் போகிறது. அவர் ஏன் ஒப்புக்கொள்கிறார் என்று அவருக்கே தெரியாது. கேட்டால், வண்டி ஓட்டப் பிடித்திருக்கிறது என்பார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய அண்ணன் முதலில் திட்டினார், பிறகு புரிந்துகொண்டு, காய் பறிக்க வருகிறவர்களிடம் அந்த ஒரு மரத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார். குலை முற்றி, காய்கள் நெற்றாகிப் பழுப்பேறித் தொங்குகின்றன. பொள்ளாச்சித் தெருவும் இதைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. காற்று அடிக்கிற நாளில் வெள்ளிங்கிரி பேக்கரி வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பார். "இன்னிக்கு உழுகுமுங்க" என்று ஒருவர் சொன்னால், "வாய மூடிட்டு பன்ன தின்னு" என்பார் பெஞ்சமின், தன் பட்டறைக்கு வேலை வரட்டும் என்று அவர் வேண்டிக்கொள்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று. எலுமிச்சம்பழம் வைத்த கை தன்னுடையது என்பதை அவர் மறக்கவில்லை. தேங்காயை ஓங்கிய கையை வெள்ளிங்கிரியும் மறக்கவில்லை.

போன வாரம் மலைப் பக்கமிருந்து காற்று பலமாக இறங்கிய ஒரு மாலையில், கூரைமேல் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கோகிலவாணி மேலே பார்க்கவில்லை. கணவனின் கையைப் பார்த்தாள். அந்தக் கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது, இருவருக்கும் நடுவில் ஒரு கணம் நின்றது, பிறகு கதவின் கைப்பிடிக்குப் போனது. அவர் இறங்கி, கூரைமேல் கிடந்த பிஞ்சுக் குரும்பையை எடுத்து எறிந்தார். கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, விரலால் தடவினார். திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஒண்ணும் ஆகுல" என்றார்.

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி. "ஒண்ணும் ஆகுல."